கழிக்க வேண்டிய இரண்டு மாதம்

கடலூர் முதுநகர்
11 ஜூன் 2025

அன்புள்ள ஜெயமேரி அண்ணிக்கு, ஷாலினி எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ராபர்ட் அண்ணனுக்குச் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? இங்கே உங்கள் அம்மா, உங்கள் தம்பி, நான், செலின் நால்வரும் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம்.

கடிதத்தைப் பார்த்ததும் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நான் எழுதுவது இதுதான். பழி உங்கள் மேல். ஈஸ்டருக்குச் சிதம்பரம் வந்தபோது, "பேச்சு வர்ற வரைக்கும் புள்ள கண்ணுல போனையே காட்டாத" என்று உத்தரவு போட்டது நீங்கள்தானே? ஒன்றரை மாதம் சாக்குச் சொல்லிவிட்டு, இப்போதுதான் என் போனை அணைத்து பீரோவில் பூட்டியிருக்கிறேன். உங்கள் தம்பி போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் குடும்பத்தில் எல்லாருமே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர்கள். நான் ஒரு சந்தேகம் கேட்டால் நாலு பேர் பதில் சொல்வார்கள். அதனால்தான் உங்கள் அங்கன்வாடி முகவரிக்கு எழுதுகிறேன்.

சந்தேகம் இதுதான். செலினுக்குப் பதினெட்டு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. அம்மாகூட இல்லை. உங்கள் தம்பியைக் கேட்டால், "அதெல்லாம் பேசும், அப்புறம் நிறுத்துன்னு நீயே கத்துவ" என்கிறார். உங்களிடம் இருக்கிற அந்த வளர்ச்சிக் கார்டு என்ன சொல்கிறது?

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஷாலினி

~

சிதம்பரம்
17 ஜூன் 2025

அன்பு ஷாலினிக்கு அண்ணியின் ஆசீர்வாதம்.

முழங்கால் பஸ் ஏறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. அவருக்குச் சர்க்கரை குறையவில்லை, கோபம்தான் ஏறியிருக்கிறது. உன் கடிதம் கீரப்பாளையம் சென்டருக்கு வந்தபோது, எங்கள் சமையலம்மா முத்தம்மாள் உன் கையெழுத்தைப் பார்த்து, "டாக்டரு சீட்டா டீச்சர்?" என்று கேட்டாள்.

போனைப் பூட்டியது நல்ல காரியம். கார்டைப் பற்றிக் கேட்டாய். அதில் நடப்பது, ஏறுவது, கையால் எடுப்பது, புரிந்துகொள்வது, பேசுவது என்று தனித்தனியாகக் கட்டம் இருக்கும். பதினெட்டு மாதத்தில் ஆறேழு வார்த்தையாவது வர வேண்டும். ஆனால் நம் செலின் எட்டாம் மாதத்தில் பிறந்தவள். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரைக்கும் எத்தனை நாள் முந்திப் பிறந்ததோ அதை வயதிலிருந்து கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டில் இரண்டு போனால் பதினாறு. பதறாதே.

தினமும் அவளிடம் பேசிக்கொண்டே இரு. வெங்காயம் உரித்தால் வெங்காயம் என்று சொல். உனக்குப் பேசக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
ஜெயமேரி

~

கடலூர் முதுநகர்
9 ஜூலை 2025

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் தம்பிக்கு மட்டும் சளி. போட் இன்ஜின் பட்டறையில் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவர், வீட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் குடிக்க அழுகிறார். உங்கள் பக்கம் வெயில் எப்படி?

நீங்கள் சொன்னபடி வெங்காயத்திலிருந்து வெந்தயம் வரைக்கும் பேசித் தீர்த்தாயிற்று. என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். செலின் நன்றாக நடக்கிறாள், ஓடுகிறாள். கட்டில் மேல் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள். வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுவாள். கொடுக்காவிட்டால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் மேலேயே வைப்பாள். புத்தியில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்னால் போய் நின்றால் முகமெல்லாம் சிரிப்பு.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தைக் கழிக்காமல் பார்த்தால் கார்டு என்ன சொல்லும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஷாலினி

~

சிதம்பரம்
14 ஜூலை 2025

அன்பு ஷாலினி,

டோனிக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடு. சின்ன வயதிலிருந்தே அவனுக்குச் சளி பிடித்தால் வீடே படுத்துவிடும். இங்கே வெயில் குறையவில்லை. சென்டர் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் வேர்க்குருவோடு வந்து என் மேலேயே சாய்கிறார்கள்.

கழிக்காமல் ஏன் பார்க்க வேண்டும்? கழிக்காமல் பார்த்தால் உடனே டாக்டரிடம் அனுப்பு என்றுதான் கார்டு சொல்லும். இந்த வயதில் விட்டுவிட்டால் அப்புறம் பிடிப்பது கஷ்டம், ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று சொல்வார்கள். அதெல்லாம் பத்து மாதமும் முழுசாக இருந்து பிறந்த பிள்ளைகளுக்கு. நமக்கு அந்தப் பயம் வேண்டாம்.

அவள் பிறந்தபோது இவருடைய தங்கச்சி என்ன பேச்சுப் பேசினாள் தெரியுமா? "கல்யாணம் ஏப்ரல் கடைசில, புள்ள டிசம்பர் ரெண்டா?" என்று என் எதிரிலேயே விரல் விட்டு எண்ணினாள். "எட்டாம் மாசத்துல பொறந்த புள்ள, மாதா மேல சத்தியம்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தவள் நான். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேனே. அதனால் நிம்மதியாக இரு.

உன்
ஜெயமேரி அண்ணி

~

கடலூர் முதுநகர்
18 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு வணக்கம்.

அண்ணனும் நீங்களும் நலம்தானே? பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும். மாதா திருவிழா வேலை. உங்கள் அம்மா இரண்டு படி அரிசிக்கு முறுக்கு சுட்டார்கள். தேர் எங்கள் தெருமுனைக்கு வர எட்டு மணி ஆனது. உங்கள் தம்பி புது வேட்டி கட்டிக்கொண்டு தேர் இழுத்தார், பாதி வழியில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இழுத்தார்.

வாணவேடிக்கை அமர்க்களம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அலறி அழுதன. செலின் என் தோளிலேயே அசையாமல் தூங்கினாள். "எம் பேத்தி தைரியசாலி" என்று அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

முறுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். வேறு விசேஷம் இல்லை.

ஷாலினி

~

சிதம்பரம்
25 ஆகஸ்ட் 2025

அன்பு ஷாலினி,

முறுக்கு வந்தது, பல்லும் பத்திரமாக இருக்கிறது. இவருக்கு ஒன்றுதான் என்று சொல்லி வைத்தேன், நான்கு காணவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தேர் இருக்கிறது, வேட்டி இருக்கிறது, பிள்ளை பேசினாளா இல்லையா என்ற பேச்சு இல்லை. ஏன்? நான் போன தடவை கொஞ்சம் சுருக்கென்று எழுதிவிட்டேனோ? அப்படியானால் மனதில் வைத்துக்கொள்ளாதே.

டிசம்பர் வந்தால் அவளுக்கு இரண்டு வயது. அதற்குப் பிறகு கழிக்கக்கூடாது. அதற்குள் வார்த்தை வந்துவிடும் என்றுதான் நானும் தினமும் செபிக்கிறேன். வெடிச்சத்தத்தில் தூங்கினாள் என்று எழுதியிருந்தாயே, எனக்கும் சில நேரம்... சரி, விடு. நேரில் பேசுவோம்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.
ஜெயமேரி

~

கடலூர் முதுநகர்
5 செப்டம்பர் 2025

அண்ணிக்கு,

உங்கள் சுகத்தை விசாரித்துத்தான் இதையும் தொடங்க வேண்டும். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. கழிக்க வேண்டாம், அண்ணி. செலின் எட்டாம் மாதத்துக் குழந்தை இல்லை. முழுசாகப் பத்து மாதம் இருந்து பிறந்தவள். பிறந்த எடை இரண்டே முக்கால் கிலோ.

எங்களுக்கு ஜனவரியில் நிச்சயம் ஆனது உங்களுக்குத் தெரியும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்று பங்குச்சாமியார் ஈஸ்டருக்குப் பிறகு தேதி கொடுத்தார். அந்தத் தவக்காலத்தில்தான், அண்ணி. நாற்பது நாளும் கறி விட்டோம், மீன்கூட விட்டோம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மட்டும் விடவில்லை. வயிற்றில் பிள்ளை இருப்பது கல்யாணத்தன்றே எனக்குத் தெரியும். குழந்தை பிறந்ததும் உங்கள் அம்மாதான் ஆஸ்பத்திரியிலேயே எட்டாம் மாசம் என்று ஆரம்பித்தார்கள். நான் தலையாட்டினேன். உங்கள் தம்பியும் தலையாட்டினார்.

நீங்கள் பார்த்த கண்ணாடிப் பெட்டி குறைமாதத்துக்காக வைத்தது இல்லை. அவளுக்குப் பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை அதிகமாகிவிட்டது. அதற்காகத்தான் ஐந்து நாள் விளக்கு வெளிச்சத்தில் வைத்தார்கள். கேட்டவர்களுக்கு அத்தை பெட்டியைக் காட்டினார்கள், காமாலையைச் சொல்லவில்லை.

நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு மாதத்தைக் கழிக்கும்போது, என் பிள்ளையின் வயதிலிருந்து நானே பிடுங்கிப்போட்ட மாதிரி இருக்கிறது. உங்களை மாதா பேரில் பொய்ச் சத்தியம் செய்ய வைத்துவிட்டேன். என்னைத் திட்டுங்கள். ஆனால் திட்டுவதற்கு முன்னால் கார்டைக் கழிக்காமல் ஒரு தடவை பாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஷாலினி

~

கீரப்பாளையம்
9 செப்டம்பர் 2025

ஷாலினிக்கு,

கடிதம் இப்போதுதான் கிடைத்தது. சென்டரில் உட்கார்ந்தே எழுதுகிறேன். நான் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். டோனியை லீவு போடச் சொல். செலின் பிறந்தபோது கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு, அந்த மஞ்சள் காமாலை ரத்தப் பரிசோதனைக் காகிதம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்து வா. முதலில் காதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காமாலை அதிகமாகப் போன பிள்ளைகளுக்குக் காது பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் பிறகு.

ஜெயமேரி

~

கடலூர் முதுநகர்
17 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஆஸ்பத்திரிப் படியெல்லாம் ஏறியதில் உங்கள் முழங்கால் என்ன ஆனதோ என்று உங்கள் அம்மா தினமும் கேட்கிறார்கள். இங்கே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் நலம்.

தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்த அந்தப் பரிசோதனை நாளை என்னால் மறக்க முடியாது. வாணவேடிக்கையில் தூங்கியவள், மருந்து கொடுத்தும் தூங்க மாட்டேன் என்று அந்த அறையையே சுற்றி வந்தாளே! இரண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னதும் உங்கள் தம்பி வராண்டாவுக்குப் போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நீங்கள்தான், "கருவி வச்சா கேக்குமா டாக்டர், அதைச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். கேட்கும் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீடு வந்து சேர்ந்தேன்.

கருவி போன வெள்ளிக்கிழமை வந்தது. முதல் நாள் நாலு தடவை பிடுங்கி எறிந்தாள். ஒன்று அரிசிப் பானைக்குள் கிடந்தது. ஐந்தாம் தடவை மாட்டும்போது மழை வந்துவிட்டது. சமையல்கட்டு தகரக் கூரையில் மழை விழுந்ததும் அப்படியே நின்றாள். மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் மேலே பார்த்தாள். பிறகு விரலால் கூரையைக் காட்டினாள். "மழ, மழ" என்று சொல்லிச் சொல்லி நான் அழுதேன். சந்தோஷத்தில் வந்த அழுகைதான், கவலைப்படாதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. ஆறு மாதம் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்வார்கள். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை.

அண்ணி, ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் வந்தீர்கள். செலினைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள், எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனால் நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் கிளம்பும்போதாவது ஏதாவது சொல்வீர்கள் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "புள்ளைக்குக் குல்லா போடு" என்று மட்டும் சொன்னீர்கள். திட்டவாவது செய்யுங்கள்.

உங்கள்
ஷாலினி

~

சிதம்பரம்
6 நவம்பர் 2025

என் அன்பு ஷாலினிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. கல்லறைத் திருநாள் முடியட்டும் என்று வைத்திருந்தேன். முழங்கால் பரவாயில்லை, இவரும் சுகம்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அதனால்தான் பேசவில்லை.

ஈஸ்டருக்கு நீங்கள் வந்திருந்தீர்களே, அன்றைக்கு மத்தியானம் நீயும் டோனியும் கடைத்தெருவுக்குப் போயிருந்தீர்கள். செலின் கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். என் கை தவறிப் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் அவளுக்குப் பின்னால் விழுந்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். செலின் திரும்பவில்லை. நான் அங்கேயே நின்றேன். ஒரு கரண்டியை எடுத்துத் தாம்பாளத்தில் தட்டினேன். அதற்கும் திரும்பவில்லை.

பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். என் சென்டர் பிள்ளை ஒன்று அப்படி இருந்திருந்தால் அன்றைக்கே அதன் அம்மாவைக் கூப்பிட்டுச் சீட்டு எழுதி அனுப்பியிருப்பேன். என் தம்பி பிள்ளை என்றதும் எனக்குக் கை வரவில்லை. நீங்கள் வந்ததும் போனைக் காட்டாதே என்று சொன்னேன். பழியைப் போட ஒரு போன் கிடைத்தது. பிறகு நீ கடிதம் எழுதினாய். கழிக்க இரண்டு மாதம் கிடைத்தது. நீ கழிக்காமல் பார்த்தால் என்ன என்று கேட்டபோது எனக்கு உன் மேல் கோபமே வந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். என் ரிஜிஸ்டரில் எல்லாப் பிள்ளைகளின் பிறந்த எடையும் இருக்கிறது. என் தம்பி மகளின் எடையை மட்டும் நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். சத்தியம் செய்த பிறகு தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை போலிருக்கிறது.

நீ ஒரு பொய்யைச் சொன்னாய், வெட்கத்தை விட்டு அதை நீயே உடைத்தாய். நான் உண்மையைப் பார்த்துவிட்டு ஐந்து மாதம் சும்மா இருந்தேன். இதில் யார் யாரைத் திட்டுவது? பொய்ச் சத்தியத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் பத்துத் தடவை 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். தாம்பாளத்தைப் பற்றிச் சாமியாரிடம் சொல்லவில்லை. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பிறந்தநாளுக்கு வரப் பார்க்கிறேன். மழைதான் விட வேண்டும்.

என் செலினுக்கு இரண்டு காதிலும் முத்தம்.
ஜெயமேரி

~

கடலூர் முதுநகர்
4 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

மழை விடவில்லை, நீங்களும் வரவில்லை. நேற்று உங்களுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம். கஞ்சி குடியுங்கள், சென்டருக்கு ஓடாதீர்கள். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்கள் மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் என் மேல். மூன்றாம் நாள் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது, கோபப்பட நேரம் இல்லை. இப்போது உங்கள் மேல் எனக்குப் பிரியம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் கூடுதலாக.

பிறந்தநாளுக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். செலின் நீலக் கவுன் போட்டு, இரண்டு காதிலும் கருவியோடு நின்றாள். எதிர்வீட்டு அம்மா பாவப்பட்டு, "இந்த வயசுல காதுக்கு மிஷினா?" என்று கேட்டார்கள். அத்தை வழக்கம்போல, "எட்டு மாசத்துப் புள்ளயாச்சே, எல்லாமே கொஞ்சம் கொற" என்று ஆரம்பித்தார்கள்.

சும்மா இருந்திருக்கலாம், அண்ணி. அன்றோடு அவளுக்கு இரண்டு வயது, இனிமேல் யாரும் எதையும் கழிக்கப்போவதில்லை. ஆனால் குறை என்ற அந்த வார்த்தை என்னால் தாங்க முடியவில்லை. அவள் இப்போது கேட்கிறவள். அவள் காதில் அது விழக்கூடாது. "இல்ல அத்தை, பத்து மாசமும் முழுசா இருந்து பொறந்தவ" என்றேன். "அவசரப்பட்டது நாங்க. அவ இல்ல."

உங்கள் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "ரெண்டே முக்கா கிலோ. தராசுல நான்தான் பாத்தேன்" என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எதிர்வீட்டு அம்மா மனதுக்குள் எண்ணியிருப்பார்கள், எண்ணட்டும். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு கத்தியை எடுத்து என் கையில் வைத்து, "எடை பேசுனது போதும், கேக்கு வெட்டு. புள்ள பசில நிக்குது" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார்கள், கொஞ்சம் தாமதமாக.

இனி உங்கள் கார்டுக்கான சேதி. இதுவரை மூன்று வார்த்தை. மழைக்கு "ம்ம". காக்கைக்குக் "கா". மூன்றாவது "ப்பா". நாள் முழுக்க வெங்காயம் வெந்தயம் என்று கத்தியவள் நான், முதலில் பேர் வாங்கியவர் உங்கள் தம்பி. பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

இன்று காலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். குளிக்க வைக்க வெந்நீர் விளாவிவிட்டு வந்தால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பவுடர் டப்பாவைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தாள். "செலின்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று கிட்டே போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னாலேயே நின்று இன்னொரு தடவை, மெதுவாகத்தான், "செலின், குளிக்க வா" என்றேன். டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தோள் இரண்டும் குறுகின. திரும்பாமலே டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, வாசலைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடினாள். கதவு வரைக்கும் அவள் சிரிப்புக் கேட்டது.

நன்றாகக் கேட்டிருக்கிறது, அண்ணி. வேண்டுமென்றேதான் திரும்பவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ஷாலினி